ஒரு மூலை, ஒரு கோப்பை, ஐந்து நாள்: ஜப்பானிய அழகியலை அன்றாடத்தில் பழகிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஜப்பானிய அழகியல் என்றாலே காதில் விழும் 'வபி-சபி' என்ற சொல்லை இணையத்தில் தேடிப் பாருங்கள், முதலில் வருவது விலைப்பட்டியல்தான். மண் நிறப் பூச்சாடி, வாய் கோணிய கிண்ணம், கசங்கிய லினன் திரை. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். நாலைந்து பொருள் வாங்கி அடுக்கினேன், வீடு முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. அப்புறம் ஒருநாள் அம்மா கொடுத்த பீங்கான் கோப்பை கைதவறி விழுந்து நான்கு துண்டாகிவிட்டது. அதை ஜப்பானிய முறையில் ஒட்டிச் சேர்க்க எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒட்டுவது, காத்திருப்பது, தேய்ப்பது, திரும்பவும் காத்திருப்பது. அந்த நாட்களில்தான் ஒன்று பிடிபட்டது: இந்த அழகியலில் புழங்கும் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் செய்ய வேண்டிய ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. விளக்கைத் தணி, ஒன்றை மட்டும் வை, நடுவில் இடம் விடு, உடைந்ததைச் சேர், வெளியே என்ன மாறியது என்று பார், விருந்தாளி போன பிறகு கொஞ்சம் உட்கார். வேலை என்பதால் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கவும் முடியும், அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன். ஐந்தாவது படி வரும்வரை கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, அதிகம் போனால் ஒரு பல்பு.

முதலில் மூன்று சொல்

'வபி' ஒரு காலத்தில் யாரும் விரும்பிச் சொல்லும் சொல்லாக இருக்கவில்லை. இல்லாமை, கைவிடப்பட்ட நிலை, அதனால் வரும் வாட்டம், இதுதான் அதன் பழைய பொருள். 'சபி' என்றால் தனிமை, காலம் ஏறி மங்கிப்போவது. இரும்பில் பிடிக்கும் துருவுக்கும் ஜப்பானியத்தில் அதே ஒலிதான். இந்த இரண்டையும் தலைகீழாகத் திருப்பி உயர்ந்த ரசனையாக ஆக்கியவர்கள் 15, 16-ஆம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான்கள். அன்றைக்குத் தேநீர் விருந்து என்றால் சீனாவிலிருந்து வந்த விலையுயர்ந்த பாத்திரங்களைப் பரப்பிக் காட்டும் இடம். முராதா ஜுகோ, அவருக்குப் பின் தாகெனோ ஜோஓ, அவரிடம் கற்ற சென் நோ ரிக்யூ என்று ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தக் காட்சியைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். பிஸென், ஷிகராகி போன்ற உள்ளூர்ச் சூளைகளின் கரடுமுரடான பானைகளுக்கு அறைக்குள் இடம் கிடைத்தது. கியோட்டோவுக்குப் பக்கத்தில் யமஸாகியில் ரிக்யூ கட்டியதாகச் சொல்லப்படும் தையான் என்ற தேநீர்க் குடில் இன்றும் நிற்கிறது, விருந்தினர் உட்காரும் அறை மொத்தமே இரண்டு பாய் அளவு, ஏறத்தாழ ஆறடிக்கு ஆறடி. அதற்குள் நுழையும் வாசல் அவ்வளவு தாழ்வு, யாராக இருந்தாலும் குனிந்து தவழ்ந்துதான் போக வேண்டும்.

மூன்றாவது சொல் 'ஷிபுய்', இது நமக்கு ரொம்ப எளிது. துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே அதுதான். அறுசுவையில் ஒன்றாகவே வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முதல் வாயில் பிடிக்காது, ஆனால் சலிக்கவும் சலிக்காது. ஒரு புடவையோ கதவோ பாட்டோ ஷிபுய்யாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஜப்பான் முழுக்க எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நம்பிவிடாதீர்கள். ரிக்யூ தேநீர் ஆசானாகப் பணிபுரிந்தது தொயோதொமி ஹிதெயோஷி என்ற தளபதியிடம். அவர் 1586-இல் தங்கத்தால் இழைத்த ஒரு தேநீர் அறையைச் செய்து அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காட்டியவர். குடிலும் தங்க அறையும் ஒரே காலம், ஒரே வட்டம். எளிமை அங்கேயும் இயல்பாக வந்துவிடவில்லை, சிலர் பிடிவாதமாக நின்று பழகிக்கொண்டது. 1591-இல் ஹிதெயோஷியின் கட்டளையால்தான் ரிக்யூ தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விட நேர்ந்தது.

படி 1: விளக்கைத் தணியுங்கள்

இதை முதலில் வைக்கக் காரணம், இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை, பலன் அன்று ராத்திரியே தெரியும்.

பழைய ஜப்பானிய வீட்டில் வெளிச்சம் நேராக உள்ளே வராது. நீண்ட கூரைச் சரிவைத் தாண்டி, திண்ணையைத் தாண்டி, ஷோஜி என்ற காகிதக் கதவில் வடிகட்டி, பாயில் பட்டு, அங்கிருந்து மேலே ஏறும். ராத்திரியில் ஆந்தொன் என்ற காகிதக் கூண்டு விளக்கு தரையில் இருக்கும். ஆக எந்த நேரமும் ஒளி பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோதான். கறுப்பு அரக்குப் பூச்சில் தங்கப் பொடி தூவிய கிண்ணங்கள் ட்யூப்லைட்டுக்குக் கீழே வெறும் பகட்டாகத் தெரிகின்றன, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தங்கம் எதற்கு என்று புரியும், இருட்டுக்குள் அங்கங்கே ஒரு மினுக்கு. அவற்றைச் செய்தவர்கள் அந்த இருட்டைக் கணக்கில் வைத்துத்தான் செய்தார்கள்.

நம் வீடுகளில் கூரையில் 6500 கெல்வின் வெள்ளை ட்யூப்லைட் மாலை ஆறு மணிக்குப் போட்டால் தூங்கும்வரை எரிகிறது. அறையின் எல்லா மூலைக்கும் ஒரே வெளிச்சம், நிழலே கிடையாது. ஒரு வாரத்துக்கு இதைச் செய்து பாருங்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் கூரை விளக்கை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றை உட்கார்ந்தால் கண்மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு மூலையில் வையுங்கள், பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது, சுவரைப் பார்த்துத் திருப்பினால் போதும். படிக்க வேண்டுமா, அந்த இடத்துக்கு மட்டும் தனி விளக்கு. சமையலறையில் கத்தி பிடிக்கும் இடத்திலும், வயதானவர்கள் நடமாடும் வழியிலும் இதைச் செய்யாதீர்கள், அங்கே வெளிச்சம் வேண்டும்.

முதல் இரண்டு நாள் வீட்டில் எல்லாரும் கேட்பார்கள், கரண்ட் போய்விட்டதா என்று. மூன்றாம் நாள் பேச்சுச் சத்தம் தானாகக் குறைந்திருக்கும், எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

படி 2: ஒரே ஒரு மூலை

ஜப்பானிய வீட்டின் முக்கிய அறையில் தோகொனோமா என்று ஒரு மாடம் இருக்கும். சுவரோடு சேர்ந்து சற்று உள்வாங்கிய இடம். அதில் ஒரு தொங்கு ஓவியம் அல்லது எழுத்து, அதன் கீழே ஒரு பூ, வேறு ஒன்றும் கிடையாது. வீட்டில் இருக்கும் மற்ற ஓவியங்கள் எல்லாம் சுருட்டிப் பெட்டிக்குள். பருவத்துக்கும் வரும் விருந்தாளிக்கும் தகுந்த மாதிரி எடுத்து மாட்டுவார்கள், கழற்றிவிடுவார்கள். எல்லாவற்றையும் எப்போதும் பார்வையில் வைத்திருந்தால் எதையுமே பார்க்கமாட்டோம் என்பது அவர்கள் கண்டுகொண்ட விஷயம், எனக்கு இதில் மிகவும் உதவியதும் இதுதான்.

ரிக்யூவைப் பற்றித் தேநீர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவர் தோட்டத்தில் அசாகாவோ பூத்துக் குலுங்குகிறது என்று ஹிதெயோஷி கேள்விப்படுகிறார். விடியலில் விரிந்து வெயிலேறினால் சுருங்கிவிடும் கொடிப்பூ அது, பெயருக்கே 'காலை முகம்' என்றுதான் பொருள். பார்க்க வருகிறேன் என்று சொல்லியனுப்புகிறார். வந்து பார்த்தால் தோட்டத்தில் ஒரு பூ கூட இல்லை, எல்லாம் அறுக்கப்பட்டிருக்கிறது. கடுப்போடு குனிந்து குடிலுக்குள் நுழைந்தால், மங்கிய வெளிச்சத்தில் மாடத்தில் ஒரே ஒரு பூ. நடந்ததோ இல்லையோ, அந்த ஒரு பூவை ஹிதெயோஷி எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்தால் போதும்.

உங்களுக்கு மாடம் வேண்டாம். புத்தக அலமாரியில் கண்மட்டத்தில் இருக்கும் ஒரு தட்டை முழுதாகக் காலி செய்யுங்கள், அல்லது வாசலுக்கு நேரே இருக்கும் சுவர்ப்பகுதி. ஒரு முழ அகலம் போதும். துடைத்துவிட்டு ஒருநாள் முழுக்க அப்படியே வெறுமையாக விடுங்கள், இதைத் தவிர்த்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த ஒரு நாளில் வீட்டிலுள்ளவர்கள் சாவி, சார்ஜர், ரசீது, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் என்று ஏதாவது வைத்துக்கொண்டே இருப்பார்கள், எடுத்துக்கொண்டே இருங்கள். மறுநாள் ஒரு பொருள் வையுங்கள்.

பூ என்றால் ரிக்யூ பெயரில் வழங்கும் ஏழு விதிகளில் ஒன்று கைகொடுக்கும்: பூவை வயலில் இருப்பது போல வை. அடுக்காதே, நிறைக்காதே, ஒயர் கட்டி வளைக்காதே. கடையில் வாங்கிய ரோஜாக்கொத்து இதற்குச் சரிவராது. நான் வைப்பது தெருவோரம் கிடைப்பவை, கொய்யாக் கிளை நுனி, கோரைப்புல் இரண்டு தாள், தும்பை. ஒருமுறை முருங்கைப்பூக் காம்பு ஒன்றைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்தேன். முதல் நாள் ஒன்றுமே தோன்றவில்லை. இரண்டாம் நாள் மாலை பக்கத்து விளக்கின் வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் பூவைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தட்டில் நான்கு இதழ், தண்ணீரின் மேல் ஒன்று, குப்பியின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்று. அவற்றைத் துடைக்காமல் அன்று முழுக்க விட்டுவைத்தேன்.

வாடியதும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டவே வேண்டாம், வாடுவதைப் பார்ப்பதுதான் இந்தப் படியின் பாதி.

படி 3: நடுவில் இடம் விடுங்கள்

'மா' என்ற சொல்லை எழுதும் எழுத்து 間. வாயிற்கதவு, அதன் நடுவே சூரியன். பழைய வடிவத்தில் சூரியன் இருக்கும் இடத்தில் நிலா. மூடிய கதவின் இடுக்கு வழியாக ஒளி கசிகிறது என்று படமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். இடைவெளி, இடைநேரம், இரண்டுக்கும் இதே சொல். 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தை வடிவமைத்த ஸெயாமி 1424-இல் முடித்த நூலில், நடிகன் ஒன்றும் செய்யாத இடமே சுவையான இடம் என்று பார்வையாளர்கள் சொல்வதாக எழுதி, அதற்குக் காரணமும் சொல்கிறார்: பாட்டும் ஆட்டமும் நின்றுபோன அந்த இடைவெளியிலும் நடிகன் மனசைத் தளரவிடாமல் பிடித்துவைத்திருக்கிறான், அந்தப் பிடிப்புதான் வெளியே கசிகிறது.

கியோட்டோவில் ரியோஆன்ஜி கோயிலின் கல் தோட்டத்தில் வெள்ளைச் சரளைமேல் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். நான் இடம் மாறி மாறி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், 14 வரும், இன்னொரு இடத்துக்குப் போனால் விட்டது தெரியும், வேறொன்று மறைந்திருக்கும். அரைமணி நேரம் கழித்து எண்ணுவதை விட்டுவிட்டு, நடுவே சீப்பால் வாரியது போல் கோடு கோடாக இழுத்துவைத்த சரளையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

செய்ய வேண்டியது மூன்றே காரியம். ஒரு சுவரில் எதையும் மாட்டாதீர்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் போன் வேண்டாம். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள். மூன்றில் கடைசிதான் கஷ்டம், அதைத்தான் விடாமல் பழகச் சொல்வேன்.

படி 4: கோப்பையைத் தேர்ந்தெடுப்பது

கியோட்டோவில் தாய்தோகுஜி வளாகத்துக்குள் கோஹோஆன் என்ற சிறு கோயில் இருக்கிறது. அங்கே கீஸாஎமோன் என்ற பெயருள்ள ஒரு தேநீர்க் கிண்ணம் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் கொரியாவில் பெயர் தெரியாத குயவர் ஒருவர் வனைந்தது, அன்றாடப் புழக்கத்துக்கான சாதாரணக் கிண்ணம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். நாட்டுப்புறக் கைவினைக்கு 'மிங்கேய்' என்று பெயர் சூட்டி 1936-இல் தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமே திறந்த யனாகி சோயெத்சு இந்தக் கிண்ணத்தை நேரில் பார்த்தபோது, எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்றுதான் வியந்துபோனார். அழகாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் நூற்றுக்கணக்கில் வனைந்த கை, அதில்தான் அழகு என்பது அவர் வாதம்.

உங்கள் அலமாரியில் இருக்கும் குவளைகளை எல்லாம் எடுத்து மேசையில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், எடை எங்கே உட்காருகிறது, விளிம்பு உதட்டில் எப்படிப் படுகிறது, அடிப்பகுதி விரலுக்குச் சொரசொரக்கிறதா. ஒன்று தானாகக் கையில் நிற்கும். விளம்பரம் அச்சடித்த இலவசக் குவளையாகவே இருந்தாலும் பரவாயில்லை. காலையில் முதல் காபி அதில்தான், உட்கார்ந்து, வேறெதுவும் செய்யாமல். சரி, அடுத்தது உடைவது.

படி 5: உடைந்ததைச் சேர்ப்பது

எனக்கு மிகவும் நெருக்கமான படி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

15-ஆம் நூற்றாண்டில் ஷோகுனாக, அதாவது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவராக இருந்த அஷிகாகா யோஷிமஸாவிடம் பச்சை நிறச் சீனக் கிண்ணம் ஒன்று இருந்ததாம். விரிசல் விட்டதும் இதைப் போல இன்னொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினார்கள், இதற்கு இணையாக இப்போது எங்களால் செய்ய முடியாது என்று அவர்கள் அதையே இரும்புக் கவ்விகள் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கவ்விகள் ஒரு பெரிய வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்ததால் கிண்ணத்துக்கே அந்தப் பெயர் வந்தது, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் கவ்விகளுக்கு மாற்றுத் தேடியதில்தான் அரக்கால் ஒட்டித் தங்கம் பூசும் கின்ட்சுகி பிறந்தது என்பது செவிவழிக் கதை. எப்படிப் பிறந்திருந்தாலும், தையல் தெரிய வேண்டும், மறைக்கக் கூடாது என்ற முடிவு இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது, நிஜ அரக்கா எபாக்ஸியா என்பது. ஆன்லைனில் 'கின்ட்சுகி கிட்' என்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் எபாக்ஸிப் பசையும் தங்க நிறப் பொடியும்தான். நான் முதலில் வாங்கியதும் அப்படி ஒன்று, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது என்ற எச்சரிக்கை உள்ளே மடித்துவைத்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது. பூச்சாடி, பேனாக் குவளை என்றால் எபாக்ஸி போதும், ஒரே நாளில் முடிந்துவிடும். வாய் வைத்துக் குடிக்கும் பொருளுக்கு வேண்டாம்.

நிஜ அரக்கு உருஷி, ஒரு மரத்தின் பால். அந்த மரம் நம் முந்திரி, மா, சேராங்கொட்டை இவற்றின் குடும்பம். சலவைத் துணியில் அழியாத குறி போடச் சேராங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தினார்கள், மேலே பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கைகளைப் பார்த்தாலும் தெரியும். உருஷியும் அதே மாதிரிதான். ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட அரிப்பும் தடிப்பும் வரும். முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு. சேராங்கொட்டையோ முந்திரிக்கொட்டைப் பாலோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். முழுதாக இறுகிய பிறகு பயமில்லை, ஜப்பானில் சூப்புக் கிண்ணத்துக்கே அதுதான் பூச்சு.

இப்போது வேலை. துண்டுகளைக் கழுவிக் காயவைத்து, பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பார்த்து எது முதலில் எது கடைசி என்று பென்சிலால் எண் போடுங்கள், கடைசித் துண்டு உள்ளே நுழையாமல் போகும் ஆபத்து நிஜமானது. உடைந்த விளிம்புகளை லேசாகத் தேய்த்துக் கூர் மழுக்கி, பதப்படுத்தாத அரக்கை மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடுங்கள், பீங்கான் பசையை உறிஞ்சாமல் இருக்க. அது இறுகியதும் ஒட்டுப்பசை: மைதாவைச் சொட்டுத் தண்ணீரில் பிசைந்து, கிட்டத்தட்ட அதே அளவு அரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைத்தால் பலாப்பிசின் போல நூல் நூலாக இழுக்கும். அதுதான் பதம். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, அழுத்திச் சேர்த்து, டேப் ஒட்டி இறுக்குங்கள்.

அடுத்தது காத்திருப்பு. உருஷி காய்வது வெயிலில் துணி காய்கிற மாதிரி இல்லை, அதற்கு ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தில்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து அரக்கை இறுக்குகிறது. ஜப்பானில் இதற்கென்று 'முரோ' என்ற ஈர அலமாரி வைத்திருப்பார்கள், 20 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 70 முதல் 85 சதவீதம். வீட்டில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த துணி போட்டால் அதே வேலை நடக்கும், கடலோர ஊரில் மழைக்காலத்தில் இருப்பவர்களுக்குத் துணியே தேவைப்படாமல் போகலாம். இரண்டு மூன்று வாரம் தொடாதீர்கள். நான் ஆறாம் நாள் பொறுமையிழந்து டேப்பை உரித்தேன், கைப்பிடி ஒரு நூல் அளவு நகர்ந்துவிட்டது. அந்தச் சின்ன மேடு இன்றும் என் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

பிதுங்கி இறுகிய பசையைப் பிளேடால் சுரண்டுங்கள். சில்லு போன குழிகளுக்கு, தொனோகோ என்ற மெல்லிய கற்பொடியைத் தண்ணீரிலும் அரக்கிலும் குழைத்து நிரப்ப வேண்டும், ஒரே தடவையில் தடிமனாக வேண்டாம், உள்ளே இறுகாமல் போகும். அது இறுகியதும் ஈரம் தொட்ட உப்புத்தாளால் மட்டமாகத் தேய்த்து, கோட்டின் மேல் கறுப்பு அரக்கு ஒரு பூச்சு, இறுகியதும் திரும்பத் தேய்ப்பு. கடைசியாகச் சிவப்பு அரக்கு, உங்கள் கை எவ்வளவு மெல்லிசாக இழுக்குமோ அவ்வளவு மெல்லிசாக. அது பாதி இறுகி ஒட்டும் பதத்தில் இருக்கும்போது தங்கப் பொடியைப் பஞ்சால் தொட்டுத் தொட்டுத் தூவ வேண்டும். சீக்கிரம் தூவினால் தங்கம் அரக்குக்குள் மூழ்கிவிடும், தாமதித்தால் ஒட்டாது. சில நாள் விட்டு, மெல்லிய அரக்கால் ஒருமுறை துடைத்துப் பிடிக்கவைத்து மெருகேற்றினால் முடிந்தது. தங்கம் கட்டுப்படியாகாது என்றால் சிவப்புக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே அழகு. மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள்.

உடைவதைப் பற்றித் தேநீர் உலகில் இன்னொரு கதை. சாகாய் ஊர்க்காரர் ஒருவர் புகழ்பெற்ற தேநீர்த்தூள் குடுவையை ரிக்யூவிடம் ஆசையோடு காட்டினார், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனமுடைந்து அதைப் போட்டு உடைத்தார். நண்பர்கள் பொறுக்கி ஒட்டிவைத்தார்கள். பிறகு ஒருநாள் அதைப் பார்த்த ரிக்யூ, இப்போதுதான் பிரமாதமாக இருக்கிறது என்றாராம்.

துணிக்கும் இதே மனசு உண்டு, சாஷிகோ. பருத்தி விளையாத வடக்குக் குளிரில் சணல் துணியை வெள்ளை நூலால் நெருக்கி நெருக்கித் தைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டவர்களின் கைவேலை அது. முழங்காலில் கிழிந்த ஒரு ஜீன்ஸில் பின்னால் துணி கொடுத்து நேர்த்தையல் போட்டு ஆரம்பியுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

படி 6: ஐந்து நாளுக்கு ஒரு வரி

பழைய நாட்காட்டி ஆண்டை 24 பருவமாகவும், ஒவ்வொன்றையும் மூன்றாகவும் பிரித்தது, ஆக 72, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நாள். சீனாவிலிருந்து வந்த இந்தக் கணக்கில் விலங்கும் பூவும் சீனத்துக்கு உரியவை. ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியலாளர் 1685-இல் ஜப்பானுக்கெனப் புதிய நாட்காட்டி கொண்டுவந்தபோது அவற்றைத் தன் நாட்டு மண்ணுக்குத் தக்கபடி திருத்தினார். 'கீழைக்காற்று பனிக்கட்டியை உருக்குகிறது', 'கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சி ஆகிறது', 'அழுகிய புல் மின்மினி ஆகிறது', 'அவ்வப்போது பெருமழை'. ஒவ்வொரு பருவத்துக்கும் பெயரே ஒரு சிறு வாக்கியம்.

அவர்கள் பட்டியலை நீங்கள் மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் தெருவில் பனிக்கட்டி உருகப்போவதில்லை. ஷுன்காய் செய்ததைச் செய்யுங்கள். ஒரு நோட்டு எடுத்து ஐந்து நாளுக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து நூறு அடிக்குள் மாறிய ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். கருத்து வேண்டாம், உவமை வேண்டாம், பார்த்தது மட்டும். என் நோட்டிலிருந்து: 'மாடிப்படியில் வேப்பம்பூ.' 'குழாய்த் தண்ணீர் மாலையிலும் சுடுகிறது.' 'விளக்கடியில் ஈசல் இறகு.' ஒரு வருடம் ஓடினால் 72 வரி, உங்கள் ஊருக்கு உங்கள் கையால் ஒரு நாட்காட்டி.

இதிலிருந்து ஹைக்கூவுக்கு ஒரு எட்டுதான். தமிழுக்கு அது புதிதும் இல்லை, புதுச்சேரியில் இருந்த பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். வீடு தீப்பற்றி எரிந்துபோன பிறகு, உதிரும் மலரின் அமைதியைப் பற்றி எழுதிய ஹொகுஷியின் கவிதையை அதில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

18-ஆம் நூற்றாண்டு அறிஞர் மொதோஓரி நோரினாகா 'மோனோ நோ அவாரே', அதாவது பொருள்களைக் கண்டு நெஞ்சு நெகிழ்வது, என்று இந்த உணர்வைத்தான் விளக்கினார். அவாரே என்பது ஒன்றைக் கண்டு நெஞ்சு அசையும்போது வாயில் தானாக வரும் 'ஆ' என்ற ஒலியிலிருந்து பிறந்தது என்பது அவர் விளக்கம். செர்ரி பூத்து உச்சத்தில் நிற்பது சில நாள்தான், ஆனால் அதற்குப் பிறகுக்குத்தான் எத்தனை சொற்கள்: இதழ்கள் பனிப்புயலாக விழுவது ஹனாஃபுபுகி, ஆற்றில் தெப்பமாக மிதப்பது ஹனாஇகாதா, தளிர் கலந்த மரம் ஹாஸகுரா. நம்மிடமும் அரும்பு, மொட்டு, மலரோடு நிற்காமல் விழுந்த பூவுக்கு 'வீ' என்றும் வாடியதற்குச் 'செம்மல்' என்றும் சொல் இருக்கிறது. நோட்டில் எழுதும்போது அவற்றைத் திரும்ப எடுத்துப் புழங்கலாம். முழு நிலவையும் முழுதாகப் பூத்த மரத்தையும் மட்டும்தான் பார்க்க வேண்டுமா என்று 14-ஆம் நூற்றாண்டில் யோஷிதா கெங்கோ என்ற துறவி கேட்டார். அந்தக் கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

படி 7: ஒருவரை அழையுங்கள்

விளக்கு, மூலை, கோப்பை எல்லாம் ஓரளவு பழகிய பிறகு ஒரு மாலை ஒரே ஒருவரைக் கூப்பிடுங்கள். கூட்டம் வேண்டாம். டீயும் தொட்டுக்கொள்ள ஒன்றும் போதும். அவர் வருவதற்குச் சற்று முன் வாசலில் தண்ணீர் தெளித்துவையுங்கள், தேநீர் வீடுகளில் விருந்தாளி வரும் நேரம் நடைக்கல்லை நனைத்துவைப்பார்கள், எல்லாம் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். போனை அடுத்த அறையில் விடுங்கள். தங்கக் கோடு போட்ட கோப்பையை அவருக்குக் கொடுங்கள்.

'இசிகோ இசியே', இந்தச் சந்திப்பு வாழ்நாளில் ஒரே முறை, என்ற சொல்லை நிலைநாட்டியவர் ஈ நவோசுகே. ஷோகுன் ஆட்சியின் தலைமை அமைச்சர், அமெரிக்காவுடன் 1858 ஒப்பந்தத்தை நிறைவேற்றியதற்காகப் பாதி நாட்டின் கோபத்தைச் சம்பாதித்தவர், 1860-இல் 'எதோ' நகரத்துக் (இன்றைய தோக்கியோ) கோட்டையின் சகுரதா வாயிலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட நெருக்கடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் தேநீர் பற்றி ஒரு நூலும் எழுதியிருக்கிறார், விருந்தாளி விடைபெற்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அதில் நுணுக்கமாகச் சொல்கிறார். கதவைப் படாரென்று சாத்தாதே. அவர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்து நில். உடனே பாத்திரத்தை ஒதுக்க ஓடாதே. தனியாக அறைக்குத் திரும்பி அடுப்பின் முன் உட்கார், இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று நினைத்துப் பார்.

போன வெள்ளிக்கிழமை சிநேகிதி ஒருத்தி வந்துபோனாள். லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் ஓயும்வரை வாசலில் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கோப்பையின் அடியில் ஒரு மடக்கு டீ மிச்சமிருந்தது, கைப்பிடியின் மேடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இந்நேரம் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருப்பாள்.